அம்மன் கேட்ட காற்று

“மூச்சை இழுங்க, நல்லா இழுங்க, பிடிச்சு வைக்காதீங்க, மெதுவா விடுங்க” என்று அன்னமயில் டீச்சர் சொல்ல, தவமணி இழுத்தாள், உள்ளே போனதென்னவோ நேற்றுக் கல்யாணத்துச் சாம்பார் வாசனைதான். போடியில் யோகாவுக்கென்று தனி இடமா கட்டி வைத்திருக்கிறார்கள், இந்தக் கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடம்தான், முகூர்த்தம் இல்லாத காலைகளில் மேசைகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பெண்கள் பாய் விரித்துக்கொள்வார்கள், எத்தனை தடவை கழுவிவிட்டாலும் தரையில் ஒரு பிசுபிசுப்பு மிச்சமிருக்கும். சம்மணமிட்ட முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு கடுகு கிடந்தது. கண்ணை மூடச் சொன்னால் மூட வேண்டியதுதானே, கடுகை என்ன பார்வை. மூடினாள். மூடியதும் அடிவயிற்றில் சுண்டி இழுத்தது. சட்டென்று திறந்துவிட்டாள். இழுத்ததா, இல்லை, இழுக்குமோ இழுக்குமோ என்று கொஞ்ச நாளாக உடம்புக்குள்ளேயே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பதால் இழுத்த மாதிரி இருக்கிறதா. வருகிறதென்றால் இப்படித்தான் இழுக்கும், முதலில் இடுப்பில், அப்புறம் அடிவயிற்றில். நாளைக்குச் சாயங்காலம் ஓடைக்கரை அம்மனுக்கு மாசிப் படையல். நாளைக்குப் பானை ஏற்றப்போகிறவள் அவள். பங்காளி வீடுகள் மொத்தமும் சுற்றி நின்று குலவை போட, முதல் பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றுகிறவளுக்கு மாதாமாதம் வருவது அடியோடு நின்றிருக்க வேண்டும், அந்தக் குடும்பத்தில் எப்போதோ யாரோ போட்ட சட்டம் அது. தவமணிக்கு நின்றுவிட்டது என்று பங்காளிகள் அத்தனை பேருக்கும் தெரியும். அவள் ஒப்புக்கொண்டதுதான். நிற்கவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். பக்கத்துப் பாயில் அவளுடைய கொழுந்தன் மனைவி ஜெயக்கொடி முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். சிலருக்குக் கண்ணை மூடினால் மூடியபடியே இருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள்.

விடுகிற மூச்சு இழுத்த மூச்சைவிட நீளமாக இருக்க வேண்டும், அதுதான் டீச்சருடைய பாடத்தில் பாதி. அன்னமயில் டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், விசில் ஊதி ஊதியே குரலும் விசில் மாதிரி ஆகிவிட்டது, அந்தக் குரலில் சாந்தம் சாந்தம் என்று அவர் சொல்லும்போது யாரோ ஓடிப்போய்க் கோட்டைத் தொட்டுவிட்டு வர வேண்டும் போல இருக்கும். ஆனால் மற்றவர்கள் சொல்லாததை அவர்தான் சொன்னார். ஜெயக்கொடி அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்த முதல் நாள், தவமணி எல்லாவற்றையும் கொட்டினாள், ராத்திரி தூக்கமே இல்லை, திடீர் திடீரென்று நெஞ்சிலிருந்து அனல் கிளம்பிக் கழுத்து வழியாக மண்டைக்கு ஏறுகிறது, ஜாக்கெட் நனைகிறது, அடுத்த நிமிஷம் குளிருகிறது, காய்கறிக் கடையில் ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன் என்று. தேனியில் டாக்டரம்மா ரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு இது நோயில்லை, நிற்கப் போகிற நேரம், முழுசாக ஒரு வருஷம் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு, யோகா செய்யுங்கள், தூக்கத்துக்கும் மனசுக்கும் நல்லது, அதற்கும் மேலே முடியவில்லையென்றால் மருந்து இருக்கிறது, வாருங்கள் என்று அனுப்பியிருந்தார். அன்னமயில் டீச்சர் அதையெல்லாம் கேட்டுவிட்டு, “சூடு வராமப் பண்ற வித்தை எங்கிட்ட இல்லம்மா. வரும்போது அதோட மல்லுக்கட்டாம இருக்கச் சொல்லித் தாரேன், அம்புட்டுத்தான்” என்றார். நாக்கைக் குழல் மாதிரிச் சுருட்டி அதன் வழியாகக் காற்றை உறிஞ்சினால் உடம்பு குளிரும் என்று சொல்லிக்கொடுத்தார். ஜெயக்கொடிக்கு நாக்கு வெற்றிலைச் சுருள் மாதிரி அழகாகச் சுருண்டது. தவமணியின் நாக்கு சுருளவே மாட்டேன் என்று விட்டது. “நாக்கு சுருளலேன்னா பல்லைச் சேத்து வச்சு இழு, அதுவும் அதே வேலையைத்தான் செய்யும்” என்றார் டீச்சர். அப்படி ஸ்ஸ் என்று இழுத்துப் படுத்த முதல் ராத்திரி, அவளுடைய வீட்டுக்காரர் சௌந்தரபாண்டி எழுந்து கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துப் பாம்பு தேடினார். சிரித்துச் சிரித்து அன்றைக்குத்தான் பல மாதத்துக்கப்புறம் அயர்ந்து தூங்கினாள். பலன் இல்லையென்று சொல்லவே முடியாது. சூடு வருவது நிற்கவில்லை, ஆனால் வந்து போகிற விருந்தாளி மாதிரி வந்தது, போனது. இந்தக் கொஞ்ச நாளாகத்தான் எதுவும் கேட்க மாட்டேன் என்கிறது, மூச்சை எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கை எங்கேயோ போய்ப் பானையில் முட்டி நிற்கிறது.

“கையை ஊணுங்க, முட்டி போடுங்க, பூனை மாதிரி முதுகைத் தூக்குங்க.” தூக்கினாள். தலையைத் தொங்கவிட்டதும் கண்ணுக்கு நேராகத் தன் வயிறு தெரிந்தது. இந்த வயிற்றைப் பற்றித்தான் தைப் பொங்கலன்று ஆண்பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். இவ்வளவு வருஷமாகப் பானை ஏற்றிவந்த மாமியார் இருளாயி அத்தை கார்த்திகையில் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள், கட்டுப் பிரித்த பிறகும் கையில் வலுவில்லை, அப்படியானால் பானை மூத்த மருமகளுக்குத்தான் வர வேண்டும், வருமா என்பதுதான் கேள்வி. மாமனாரின் அண்ணன், பெரிய மாமா, வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, அவளைப் பார்க்காமல் மேலே உத்திரத்தைப் பார்த்து, “மூத்தவளுக்கு எல்லாம் ஒழிஞ்சிருச்சாப்பா?” என்று சௌந்தரபாண்டியிடம் கேட்டார். சௌந்தரபாண்டிக்கு என்ன தெரியும், அவர் அவளைப் பார்த்தார். ஏழெட்டு ஆம்பளைகள் அத்தனை பேரும் உத்திரத்தையும் தரையையும் பார்த்துக்கொண்டு அவளுடைய கர்ப்பப்பை பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். தலையை ஆட்டினாள். அன்றைக்கு அது பொய்யில்லை, புரட்டாசியிலிருந்து ஒன்றும் வரவில்லை. வராது என்றுதான் நினைத்தாள். தை கடைசியில், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? வெட்கமா? வெட்கமெல்லாம் இல்லை, ஆசை. ஆமாம், ஆசைதான், அதை மறைப்பானேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒவ்வொரு மாசியும் அவள் நின்றது புளியமரத்தடியில், வெல்லம் தட்டிக்கொண்டு, சில வருஷம் அதுகூட இல்லாமல் விலக்கான பெண்களோடு, ஏறிவந்த வேனிலேயே உட்கார்ந்துகொண்டு. ஒரே ஒரு தடவை அந்த அடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டும், தன் கையால் பால் ஊற்ற வேண்டும், பொங்கி வழியும்போது எல்லார் குலவையும் தன்னைச் சுற்றி எழும்ப வேண்டும். இது ஒரு பெரிய ஆசையா? பெரிய ஆசைதான்.

“முதுகை இறக்குங்க, தலையைத் தூக்குங்க, தவமணி, தோள் கல்லாட்டம் இருக்கு பாரு.” டீச்சர் பின்னால் வந்து தோளை அமுக்கிவிட்டுப் போனார். கல்லாக இருக்காமல் என்ன செய்யும். இந்த வருஷப் பானை வெறும் பானையில்லை. மகள் சங்கவிக்கு எட்டு மாதம், கோயம்புத்தூரில் இருக்கிறாள், முதல் கரு கலைந்துபோய் இரண்டாவதாகத் தங்கியது இது, பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று பெரிய மாமா இந்த வருஷப் பொங்கலை அவள் பேருக்கு நேர்ந்துவிட்டார். பானை ஏற்றாமல் விட்டால் நேர்ச்சை தவறியதாகும். ஏற்றி, அந்த நேரம் பார்த்து வந்துவிட்டால்? அம்மனுக்கு முன்னால், எரிகிற அடுப்புக்கு முன்னால், ஒரு சொட்டு? நினைக்கும்போதே உள்ளங்கை வியர்த்துப் பாயில் வழுக்கியது. நேற்று போனில் சங்கவி, அம்மா, பிள்ளை ரொம்ப உதைக்குது என்றாள், சந்தோஷமாகத்தான் சொன்னாள், அதைக் கேட்டதும் தவமணிக்கு ஏன் பானை ஞாபகம் வர வேண்டும். சாமி அப்படியெல்லாம் செய்யுமா? செய்யாது. செய்துவிட்டால்? படித்த பெண், பத்திரப்பதிவு ஆபீசில் டைப் அடித்தவள், இதையெல்லாம் நம்புகிறாளா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். மகள் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று சோதித்துப் பார்க்கிற தைரியம் எந்தத் தாய்க்கு இருக்கிறது, சொல்லட்டும் பார்ப்போம். மறுபடியும் சுண்டி இழுத்தது. இந்தத் தடவை நிச்சயம். நிச்சயமா? ஓரக்கண்ணால் எதிர்ச் சுவரைப் பார்த்தாள், கை கழுவும் தொட்டிகள் வரிசையாக இருக்கிற சுவர். விலக்கானவர்கள் தலைகீழ் ஆசனம் செய்யக் கூடாது என்பது டீச்சர் வைத்த வழக்கம், அந்த நேரம் வரும்போது அவர்கள் பாயை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து பட்டாம்பூச்சி ஆசனம் செய்ய வேண்டும். ஆகவே யார் வீட்டில் என்ன என்பது இந்தப் பந்திக்கூடத்துக்கே தெரியும். தவமணி வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சுவர்ப் பக்கம் போனதில்லை. தை கடைசியில் வந்தபோதுகூடத் தடுமன் என்று சொல்லி வகுப்புக்கே மட்டம் போட்டாள். ஜெயக்கொடி நல்லவள்தான், ஆனால் அவள் வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது.

மல்லாக்கப் படுத்து, காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கிப் பாலம் மாதிரி நிற்கச் சொன்னார் டீச்சர். தூக்கினாள், மேலே சீலிங் ஃபேன் சுற்றியது, சுற்றுவதைப் பார்த்தபடி நாலு மூச்சு விட்டிருப்பாள், அப்போது அது கிளம்பியது. நெஞ்சுக்குழியில் யாரோ தீக்குச்சி கிழித்துப் போட்ட மாதிரி ஒரு பொறி, பிறகு கழுத்து, பிறகு காதுமடல், முகம் முழுக்க அனல். இடுப்பைத் தரையில் போட்டாள். மல்லுக்கட்டாதே, மல்லுக்கட்டாதே. பல்லைச் சேர்த்து வைத்து ஸ்ஸ் என்று இழுத்தாள், மூக்கால் நீளமாக விட்டாள். எரியுது என்றது வாய். சத்தமாகச் சொல்லவில்லை, உதட்டளவில்தான் சொன்னாள். எரியுது. சொன்னதும் அந்தச் சொல் அவளுடையதில்லை என்று தோன்றியது. இதை யார் சொன்னார்கள்? இதே சொல்லை, இதே மாதிரி, மூச்சு வாங்கிக்கொண்டு யார்? அத்தை. அத்தைதான். அத்தை முதன்முதலாகப் பானை ஏற்றிய வருஷம், தவமணி புதுப்பெண்ணாக, கசங்காத பட்டுச்சேலையில், புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். பால் இன்னும் பொங்கவில்லை. அடுப்புக்கு முன்னால் நின்ற அத்தையின் முகம் திடீரென்று செக்கச் சிவந்தது, நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது, சேலைத் தலைப்பால் துடைக்கத் துடைக்கக் கொட்டியது, அத்தை கழுத்தில் கிடந்த மாலையைப் பிய்த்து எறிந்தாள், பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, “எரியுது, எரியுது” என்றாள். அவ்வளவுதான், குலவை வானத்தைப் பிளந்தது. ஆத்தா இறங்கிட்டா, ஆத்தா இறங்கிட்டா என்று பெண்கள் ஓடிப்போய் அவள் காலில் விழுந்தார்கள். பெரிய மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “ஆத்தா, என்ன வேணும் தாயி, எதுவானாலும் கேளு” என்று கும்பிட்டார். அத்தை கண்ணைச் செருகிக்கொண்டு, “காத்து. கொஞ்சம் காத்து வேணும்” என்றாள். அம்மன் காற்றுக் கேட்கிறாள்! மலைக் கணவாயிலிருந்து ராப்பகலாகக் காற்று அடித்துக்கொண்டிருக்கிற ஓடைக்கரையில் உட்கார்ந்துகொண்டு அம்மன் காற்றுக் கேட்கிறாளே, இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று ஆண்பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். அடுத்த வருஷத்திலிருந்து வீட்டுக்கொரு பனைஓலை விசிறி காணிக்கை. கரண்டு வந்ததும் அம்மன் தலைக்கு மேலே சீலிங் ஃபேன், அதன் மூன்று இறக்கையிலும் பெரிய மாமாவின் பெயர். இன்றைக்கும் அம்மன் அந்த ஃபேனுக்குக் கீழேதான் இருக்கிறாள்.

சூடு உச்சிக்குப் போய்ச் சேர்ந்து மெல்ல இறங்கத் தொடங்கியது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தவமணி அசையாமல் கிடந்தாள். அத்தைக்கு அப்போது என்ன வயது? தன்னைவிடப் பெரியவளாகத்தான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள், மாமியார் என்றால் பிறக்கும்போதே மாமியார் என்ற மாதிரி. இல்லை. சௌந்தரபாண்டி அத்தைக்குச் சின்ன வயதில் பிறந்தவர். கணக்குப் போட்டால் அத்தைக்கு அப்போது இப்போதைய தவமணியின் வயதுதான், ஒன்றிரண்டு குறைவாகக்கூட இருக்கும். கழுத்துச் சிவந்தது, வியர்த்தது, எரிந்தது, காற்றுக் கேட்டது. அடிப்பாவி மனமே, இத்தனை வருஷம் இது தெரியவில்லையே. சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது, வேறொன்று மாட்டிக்கொண்டது. துணி. வந்த புதிதில், படையல் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள், குளியலறைக்குப் பின்னால் ஒரு கொடியில் பழைய பாவாடை காய்ந்தது, எடுத்து மடிக்கலாமென்று தூக்கினாள், அதற்கு அடியில் வரிசையாகத் துணிகள், மடித்து மடித்துப் பழகிய பழஞ்சேலைத் துணிகள், துவைத்தும் போகாத கறையோடு. அவள் அதைத் தொடாமல் பாவாடையை மறுபடி மூடிவிட்டு வந்தாள். நாத்தனாருடையதாக இருக்கும் என்று நினைத்தாள். நாத்தனார் அப்போது ஆண்டிபட்டியில் மாமியார் வீட்டில் இருந்தாள். அந்த வீட்டில் அப்போது இருந்த பெண்கள் இரண்டே பேர், இன்னொரு ஆள் இவள், இவளுக்கு அந்த மாதம் சங்கவி தங்கியிருந்தாள். அது தெரிந்தும் நாத்தனார் என்று நினைத்தாளே, அதற்குமேல் யோசிக்கவே இல்லையே. யோசிக்க இடமில்லை, ஏனென்றால் அத்தை பானைக்காரி. பானைக்காரிக்கு அது கிடையாது. கண்ணால் பார்த்ததைச் சட்டம் வந்து மூடிவிட்டது.

அப்படியானால் அத்தையும் தலையை ஆட்டியவள்தான். அவளையும் இதே மாதிரி ஆண்பிள்ளைகள் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டிருப்பார்கள், அவளும் ஆட்டியிருப்பாள், அப்புறம் எத்தனை மாசி, வந்துவிடுமோ வந்துவிடுமோ என்று தொடையை இறுக்கிக்கொண்டு அந்த அடுப்புக்கு முன்னால் நின்றாளோ. ஒவ்வொரு வருஷமும் படையல் முடிந்து வந்ததும் அத்தை இருட்டறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள், இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டாள், சாமி வந்த உடம்பு, அசதியாக இருக்கும் என்று வீட்டில் எல்லாரும் பூனை மாதிரி நடப்பார்கள். அது அசதியா? பயம்தான். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் தன்னால்தானோ என்று அவள் நினைத்திருப்பாள். சங்கவியின் முதல் கரு கலைந்தபோது அத்தை அழவில்லை, கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள், கிழவிக்கு ஈரமே இல்லை என்று தவமணி மனசுக்குள் வைதாள். ஐயோ, அத்தை. அத்தைக்கு அதற்கு முன்னாலேயே எப்போதோ நின்றுபோயிருக்கும், ஆனால் அந்தப் பயம் நிற்கவில்லையே. தைப் பொங்கலன்று எல்லாரும் போன பிறகு, கையில் வலுவில்லாமல் இருந்த அத்தைக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, அத்தை மெதுவாக, “கேட்டா ஆமான்னு சொல்லிரணும். பானையை எறக்குற வரைக்குந்தான் பயம்” என்றாள். பானையின் கனத்தைச் சொல்கிறாள், கொதிக்கிற பால் காலில் கொட்டிவிடும் என்று சொல்கிறாள் என்று நினைத்து, நான் பழந்துணி வச்சுப் பிடிச்சுக்கிர்றேன் அத்தை என்று பதில் சொன்னாளே இந்த மக்கு. அத்தை சீப்பில் வந்த நரைமுடியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பானையை இறக்குகிற வரைக்கும்தான் பயம் என்பது பொய், அத்தை. நீ இறக்கிவைத்த பிறகும் அது உன்னை விடவில்லை.

“அடுத்தது தோள்நிலை. சொவத்துப் பக்கம் போறவங்க போயிருங்க” என்று டீச்சர் கையைத் தட்டினார். பின்வரிசையிலிருந்து வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பெண் எழுந்து, பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரிச் சாதாரணமாகச் சுவரோரம் போனாள். மற்றவர்கள் காலைத் தூக்கத் தயாரானார்கள். தவமணியும் காலை நீட்டிப் படுத்திருந்தாள். தூக்கினால் முடிந்தது, யாருக்கும் ஒன்றும் தெரியாது. வந்திருக்கிறதா? வியர்வையாகவும் இருக்கலாம். எழுந்து பாத்ரூம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், பார்த்து இல்லையென்றால் இன்றைக்குத் தப்பித்தோம், நாளைக்குக் காலையில் மறுபடியும் பார்க்கலாம், மத்தியானம் பார்க்கலாம், வேனில் ஏறுவதற்கு முன்னால் பார்க்கலாம், அடுத்த மாசிக்கும் பார்க்கலாம், பார்த்துப் பார்த்தே கிழவியாகி இருட்டறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கலாம். நீளமாக ஒரு மூச்சு விட்டாள், கடைசி வரைக்கும், வயிறு ஒட்டுகிற வரைக்கும். விட்டு முடித்த இடத்தில் கொஞ்சம் நிதானம் இருந்தது, டீச்சர் எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாரோ அது. அந்த நிதானம் போவதற்குள் எழுந்தாள். பாயைச் சுருட்டினாள். பந்திக்கூடத்தின் குறுக்கே, தூக்கிய கால்களுக்கு நடுவே நடந்துபோய், கை கழுவும் தொட்டிக்குக் கீழே பாயை விரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சுவர் முதுகுக்குச் சில்லென்று இருந்தது. இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து முழங்கால்களை அகல விரித்தாள்.

தலைகீழாக இருந்த ஜெயக்கொடி அப்படியே அவளைப் பார்த்தாள். பிறகு தடாலென்று காலை இறக்கி, பாயைக்கூட எடுக்காமல், தன் துணிப்பையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னக்கா, இங்கன வந்துட்ட?”

“நிக்கல, கொடி.”

“என்ன நிக்கல?”

“அதுதான். தை கடைசியில ஒரு தடவை வந்துச்சு. இப்பவும் அடிவயித்தை இழுத்துக்கிட்டே இருக்கு. வந்துச்சா இல்லையான்னு தெரியல. பாக்கவும் இல்ல.”

ஜெயக்கொடி வாயில் கையை வைத்துக்கொண்டாள். “பெரிய மச்சானுக்குத் தெரியுமா?”

“ஒருத்தருக்கும் தெரியாது. நீதான் முத ஆளு.”

“அப்ப நாளைக்குப் பானை?”

“நான்தான் ஏத்துவேன்.” சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று தவமணிக்கே சந்தேகமாக இருந்தது. “பெரிய மாமாகிட்ட நானே சொல்லிருவேன், அத்தனை பேரு முன்னாடியும், எனக்கு இன்னும் ஒழியலைன்னு. சொல்லிட்டு ஏத்துவேன். வேணாம்னா ஆத்தா சொல்லட்டும், எறக்கிர்றேன். பெரிய மாமா சொல்லி எறக்க மாட்டேன்.”

“சங்கவி புள்ளத்தாச்சியா இருக்காளேக்கா.”

அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தது அந்த ஒரு பெயரில் உடைந்துவிட்டது. தவமணியின் கண் நிறைந்து வழிந்தது. “பயமாத்தான்டி இருக்கு. உயிரே போகுது பயத்துல. ஆனா பொய்யச் சொல்லிட்டு ஏத்துனா இந்தப் பயம் என்னைய விட்டுப் போகவே போகாது. பேரப்புள்ள தும்முனாக்கூட நான்தான் காரணம்னு தோணும். அது என்னால முடியாது.” அத்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் அவள் சொல்லவில்லை. அது அத்தையுடையது. இன்றைக்குப் போனதும் அத்தைக்குத் தலை வாரிவிட வேண்டும், வாரும்போது, எனக்குத் தெரியும் அத்தை என்று காதோடு சொல்ல வேண்டும், அதற்குமேல் எதுவும் கேட்கக் கூடாது. அழுததில் மறுபடியும் நெஞ்சுக்குழியில் பொறி கிளம்பியது. கழுத்து, காதுமடல், முகம். பல்லைச் சேர்த்து ஸ்ஸ் என்று இழுத்தாள்.

ஜெயக்கொடி அவள் முகம் சிவப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பைக்குள் கையை விட்டு, வழியில் வாங்கி வைத்திருந்த புதுப் பனைஓலை விசிறியை எடுத்து, சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, தவமணிக்கு வீசத் தொடங்கினாள்.

“ஏய், அது நாளைக்கு ஆத்தாவுக்குக் காணிக்கை வைக்க வாங்குனதுடி.”

“அவளுக்குத்தான் ஃபேன் மாட்டியாச்சேக்கா” என்றாள் ஜெயக்கொடி. “நீ மூச்சை விடு.”